முப்பத்தாறு டிகிரி மரணம்

அத்தியாயம் 6

செத்துப்போனவளுக்கு மரியாதை செய்கிறோம் என்று வெப்பம் காட்டும் போர்டை அணைத்து வைத்திருந்தார்கள். மேலே ஒரு கறுப்பு ரிப்பன். அதற்கும் மேலே சிரித்த முகத்தோடு ஒரு குடைப் படம். 'வெண்குடை: உங்கள் ஊருக்கு எங்கள் நிழல்' என்று வாசகம்.

"எழில், மணி என்ன?" என்றார் மணிமொழி மேடம்.

"கடிகாரத்துல பத்தே முக்கால். தலைக்கு மேல வெயிலப் பாத்தா மூணு."

மேடம் சிரிக்கவில்லை. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கடைகளையும் எரித்த முதலாளிகளையும் துருவியவர். இப்போது திண்டிவனத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி வைத்திருக்கிறார். ஏஜென்சியில் ஊழியர் ஒரே ஒருவர். அந்த எழிலரசன் நான்தான். பைக் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, மேடம் சிரிக்காத ஜோக்குகளைச் சொல்வது என் வேலை.

எங்களை நெடும்பாறைக்கு வரவழைத்த கவிதா பக்கத்தில் நின்றிருந்தாள். வயல் வேலைக்குக் கூலி ஆள் கூட்டிப்போகும் தங்கராசு மேஸ்திரியின் மகள். கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள், தங்கராசு கூட்டிப்போன பெண்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கு ராஜாம்பாள் என்ற பெண் சுருண்டு விழுந்தாள். ஆட்டோ செஞ்சி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் வேலை வாங்கிக் கொன்றுவிட்டான் என்று புருஷன் புகார் கொடுக்க, தங்கராசு உள்ளே போனார். நாளைக் காலையில் ஜாமீன் மனு. அதற்குள் எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் இனி அவர் வெளியே வருவது கஷ்டம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"போர்டு வர்றதுக்கு முன்னாடி எப்போ வேலைய நிறுத்துவீங்க?" என்று மேடம் கேட்டார்.

"அதுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு மேடம். வெறுங்காலோடதான வேல செய்வாங்க? யாராச்சும் ஒருத்தி 'கால் சுடுது'ன்னு சொன்னா போதும், எல்லாரும் கரையேறிடுவாங்க. ஏன்னு மேஸ்திரியும் கேக்க மாட்டாரு, நெலத்துக்காரரும் கேக்க மாட்டாரு. கூலியில கை வெக்க மாட்டாங்க."

"இப்போ?"

"இந்தக் குடை கம்பெனிக்காரங்க கூட்டம் போட்டாங்க. நாங்க பலூன் வுட்டதுல வெயிலு கொறஞ்சிட்டுது, இனிமே போர்டு முப்பத்தெட்டு காட்டினாத்தான் கரையேறணும்னு பேசி முடிச்சிட்டாங்க. அன்னிக்கி ராஜாம்பா அத்தை மூணு வாட்டி கால் சுடுதுன்னு சொல்லிச்சாம். நைனா போர்டைக் கைகாட்டி, முப்பத்தாறுதான் காட்டுது, கதை வுடாதன்னு சொன்னாராம்." அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத நைனாவேதான் எங்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு."

"கவிதா, நீ இங்கயே போர்டு பக்கத்துல இரு. போனைக் கையில வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு மேடம் பைக்கில் ஏறினார்.

*

ஊருக்கு மேற்கே அந்தப் பாறை. யானை படுத்தது போன்ற பாறைகளுக்கு செஞ்சிப் பக்கம் பஞ்சமே இல்லை. கோட்டை கட்டியது போக மீதி எல்லாம் இப்படித்தான் கிடக்கின்றன. உச்சியில் மொட்டைவெளி. அங்கே நான்கு கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி. நான்கு பக்கமும் ஜன்னல் கதவுகளைப் போலச் சாய்ந்த சட்டங்கள். உள்ளே வெப்பமானி; ஊர் போர்டில் தெரியும் எண் இங்கிருந்துதான் போகும். அதன் பக்கத்தில் தொப்பியும் கூலிங்கிளாஸுமாக விக்ரமன், வெண்குடை கம்பெனியின் தலைவர். கார் கீழே ஏசி ஓட நின்றிருந்தது.

"ராஜாம்பாள் சாவு எங்களுக்கும் பெரிய இழப்பு," என்று விக்ரமன் ஆரம்பித்தார். அதே வாக்கியத்தைப் பேப்பரிலும் படித்திருந்தேன். "ஆனா அன்னிக்கு வெப்பம் முப்பத்தாறு புள்ளி ஒண்ணு. பதிவு இருக்கு. அந்த வெப்பத்துல யாரும் சாக மாட்டாங்க. மேஸ்திரி தண்ணி குடுத்திருக்க மாட்டார்."

"உங்க பலூன் என்ன பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"இருபது கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் ஒரு தூளைத் தூவும். அந்தத் தூள் வெயில்ல கொஞ்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். பெரிய எரிமலை வெடிச்சா உலகமே ஒரு வருஷம், ரெண்டு வருஷம் குளிரும் தெரியுமா? அதைத்தான் நாங்க சின்னதா, கணக்கா செய்யறோம். பதினாலு பலூன் விட்டோம். மார்ச்சுலேர்ந்து இந்த ஊர்ல ஆறு டிகிரி குறைஞ்சிருக்கு."

"மேல தூவினது அங்கயே நிக்குமா?"

"நிக்காது. காத்துல பரவும்."

"எவ்வளவு தூரம்?"

"கொஞ்ச நாள்ல உலகத்தையே சுத்திடும்."

"அப்படின்னா போற வழியில அவலூர்பேட்டைக்கும் போயிருக்கணுமே?" என்றார் மேடம். "இங்கேர்ந்து பதினஞ்சு கிலோமீட்டர். அன்னிக்கு அங்க ஒரு ஸ்கூல் தெர்மாமீட்டர்ல நாப்பத்திரண்டரை."

"இந்த ஊர்ல மட்டும் யாராவது பிரிட்ஜைத் திறந்து வெச்சிட்டாங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

விக்ரமன் என்னைப் பார்க்கவில்லை. கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு மேடத்தைப் பார்த்தார். அப்போது அவர் பேசியதில் மட்டும் கொஞ்சம் உண்மையான கோபம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நீங்க சிரிக்கலாம் மேடம். வருஷா வருஷம் வெயில்ல எத்தனை பேர் சாகறாங்க? புகையை நிறுத்தறேன் நிறுத்தறேன்னு எல்லா நாடும் முப்பது வருஷமா கூட்டம் போடுது. நிறுத்தினாங்களா? அதுவரைக்கும் இந்த ஜனங்க தலைக்கு ஒரு குடை வேண்டாமா?"

"வேணும்," என்றார் மேடம். "குடை வேண்டாம்னு நான் சொல்லல. நல்லதா கெட்டதான்னு படிச்சவங்களே அடிச்சுக்கறாங்க. எனக்கு எங்க தெரியப்போகுது? அந்தக் குடையால மழை தள்ளிப்போனா யாரைக் கேட்கறது? பாதியில மடக்கிட்டா ஒரேயடியா அடிக்கப்போற வெயிலுக்கு யாரு பொறுப்பு? அதெல்லாம் இருக்கட்டும். நீங்க குறைச்சதாச் சொல்ற டிகிரிக்குக் காசு குடுத்து உங்ககிட்ட குளிர்ச்சி சர்டிபிகேட் வாங்கற வெளிநாட்டு ஃபாக்டரிக்காரன், அதைக் கண்ணாடி போட்டு மாட்டிட்டுத் தன் புகையை நிறுத்தினானா?"

"அது எங்க வேலை இல்ல."

"சரி. என் வேலைக்கு வர்றேன். இந்தப் பெட்டி எப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

"வெச்ச நாள்லேர்ந்து ஒரு இஞ்ச் நகரல. போலீசுக்கு எழுதியே குடுத்திருக்கேன்." வாட்சைப் பார்த்தார். "ஐரோப்பாவோட மீட்டிங் இருக்கு. பாத்துட்டுப் போங்க. தொட்டு எதையும் கெடுத்துடாதீங்க."

கீழே கார் கதவு மூடிக்கொண்டது. ஏசியிலிருந்து ஏசிக்கு ஓடும் மனுஷன் அடுத்தவனின் வெயிலுக்குக் கணக்குச் சொல்கிறான். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாயில் எச்சில் இல்லாததால் விக்ரமனின் கார் தப்பித்தது.

*

மேடம் பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். மேல்தகடு பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. அவர் சட்டங்களுக்கு இடையே விரலை விட்டு, கறுப்பாக எதையோ நோண்டி எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மேடம்! நான் இன்னும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடணும்."

"எலிப் புழுக்கைன்னா கெட்டியா இருக்கும். இது நசுக்கினா தூளாகுது. உள்ள மினுமினுன்னு இருக்கு, பாரு. பூச்சி றெக்கை. ராத்திரி பூரா பூச்சி தின்னுட்டு இப்படிப் போடறது யாரு?"

"எங்க ஹாஸ்டல் வார்டன்."

"வௌவால். வெயில் அடிக்கற மொட்டைப் பாறையில வௌவாலுக்கு என்ன வேலை? மேல துடைச்சவன் சந்துல துடைக்கல." பெட்டிக்கும் தரையில் கிடந்த சோலார் பேனலுக்கும் நடுவே பெட்டியிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்திருந்த ஒயரைக் காலால் நகர்த்தினார். "இதைப் பிரி."

பிரித்தேன். சுமார் இருபது மீட்டர் இருந்தது. பேனல் பக்கத்துப் பாதி வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. பெட்டிப் பக்கத்துப் பாதி கடையில் வாங்கிய நாளைப் போலக் கன்னங்கரேலென்று இருந்தது. பெட்டியின் தலையிலோ பேனலை மாட்டுவதற்கென்றே ஒரு தாங்கி, நான்கு ஓட்டைகளோடு சும்மா இருந்தது.

"தலையிலேயே உட்கார இடம் இருக்கு. அப்புறம் எதுக்கு இருபது மீட்டர் ஒயர்?" என்றேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. பேனல் வெயிலில் இருந்திருக்கிறது. பெட்டி இல்லை.

"வௌவால் வீட்டைத் தேடலாம், வா," என்றார் மேடம்.

தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பாறை அடிவாரத்துப் புங்கமர நிழலிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எட்டு நாள் தாடி. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாறை ஏறும்போது வழுக்காமல் இருக்க அங்கே அப்படித்தான் செய்கிறார்கள். கம்பெனி கொடுத்த குடைப் படச் சட்டை போட்டிருந்தார்.

"நான் தொரக்கண்ணு. பொட்டிக்கு வாட்ச்மேன். ராஜாம்பா என் பொஞ்சாதி." குரல் தட்டையாக இருந்தது. "நீங்க தங்கராசுக்காக வந்தவங்கன்னு தெரியும். பொட்டிய பாத்தாச்சில்ல? கெளம்புங்க."

"கிளம்பறோம்ணே," என்றார் மேடம். "ஒண்ணே ஒண்ணு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி பெட்டி எங்க இருந்துச்சு?"

பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். துரைக்கண்ணு கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"உள்ளதான். இன்னா கேள்வி இது? இம்மா வெயில்ல வெளிய வெச்சா மிஷினு கெட்டுப்பூடாதா? போலீசு வருதுன்னு கம்பெனி ஆளுங்கதான் வெளிய தூக்கி வெச்சாங்க; யாருகிட்டயும் சொல்லாதன்னுதான் சொன்னாங்க, ராஜாம்பாவே பூட்டா, இனிமே எனக்கின்னா."

பாறையின் வடக்குப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் குனிந்து போகிற இடுக்கு. உள்ளே ஜில்லென்று இருந்தது. கூடவே குமட்டுகிற வௌவால் நாற்றம். தரையில் நான்கு கால் பதிந்த தடம். ஓரத்தில் ஒரு சாக்கு, ஒரு குடம்.

"சாக்கு எதுக்குண்ணே?" என்று மேடம் கேட்டார். அவர் குரல் சின்னதாகிவிட்டது.

"எங்க கொல்லையில மோட்டார் ஸ்டார்ட்டருக்கு கோடையில ஈரச் சாக்கு போடுவோம்மா. இல்லன்னா சூடாயி காயில் எரிஞ்சி பூடும். அந்த மாரிதான். மாசிக் கடைசியில வெளிய வெச்சாங்க. ரெண்டு லட்ச ரூவா மிஷினு, கெட்டுப்போனா நீதான் பொறுப்புன்னு சொல்ட்டு பூட்டாங்க. தொட்டா கொதிக்குது. மனசு கேக்கல. நானே தூக்கியாந்து உள்ள வெச்சி, ரெண்டு வேள சாக்க நனைச்சிப் போட்டேன். ஒரு நாள் தவறினதில்ல. ராஜாம்பாதான் தண்ணி தூக்கியாந்து குடுக்கும்."

நான் இடுக்கை விட்டு வெளியே வந்துவிட்டேன். நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

*

வெளியே வந்ததும் மேடம் கேட்டார்: "அண்ணே, அந்தப் பெட்டி என்ன செய்யும்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"பலூனுக்கு சிக்னல் குடுக்கும்னு நெனைக்கறேன்."

"போர்டுல நம்பர் வருதே, அது எங்கேர்ந்து வருது?"

"அது சேட்டிலைட்டு."

மேடம் என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர் ஒரு வார்த்தைக்காகத் தயங்கி நான் பார்த்தது அன்றுதான். ஜாமீனுக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் இந்த மனுஷனிடம் அவர் செய்ததை அவருக்கே சொல்ல வேண்டும். அந்த வேலையை எங்களுக்கு மிச்சம் வைத்துவிட்டு ஒருவன் ஏசி காரில் போயிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. அவன் மேல் மட்டும் இல்லை. கைநீட்டிச் சம்பளம் வாங்கும் எங்கள் தொழில் மேலும்தான்.

"அந்தப் பெட்டிதான் வெயிலை அளக்குது அண்ணே," என்றார் மேடம். "அது எவ்வளவு சொல்லுதோ அதுதான் போர்டுல வரும்."

துரைக்கண்ணு சிரித்தார். பிறகு பாறையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். செருப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது.

"நான் நெழல்ல வெச்சன்னா... அது நெழலத்தான் சொல்லியிருக்குமா?"

"ஆமா."

"ஈரச் சாக்கு?"

மேடம் தலையை மட்டும் அசைத்தார். துரைக்கண்ணு கத்தவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை தப்பியவரைப் போல மெதுவாகச் சொன்னார்: "கம்பெனிக்கி தெரியுமே. நான் மறைக்கலியே. அன்னிக்கே போட்டோ புடிச்சி அனுப்பினேன்."

"யாருக்கு?"

"விக்ரமன் சாருக்கு. அவரு பேசி அனுப்பினாரு. இருக்குது பாரு."

கீறல் விழுந்த போனை நீட்டினார். மார்ச் பதினொன்றாம் தேதி. இடுக்குக்குள் ஈரச் சாக்கு போர்த்திய பெட்டியின் போட்டோ. கீழே பதினாறு விநாடிக் குரல் பதிவு. நான் அழுத்தினேன்.

"சூப்பர் துரைக்கண்ணு. ரொம்ப நல்ல காரியம் பண்ணினே. அங்கயே இருக்கட்டும், யார் கேட்டாலும் சொல்லாதே. உள்ள கரண்ட் வராது, பேனலுக்கு நீளமா ஒயர் அனுப்பறேன். சாக்கை மட்டும் காயவிடாதே."

இரண்டாம் தடவை போட்டோம். சாக்கை மட்டும் காயவிடாதே. அந்த எண்ணில் அவன் கைவைக்கவே இல்லை. ஒரு வாட்ச்மேனின் நல்ல மனசைப் பார்த்தான். அதை ஆறு டிகிரி என்று பெயர் வைத்து ஐரோப்பாவுக்கு விற்றான். பலூன் மேலே போனதா, தூள் என்ன ஆனது என்றெல்லாம் அதற்குப் பிறகு எனக்குத் தோன்றவே இல்லை.

"இந்தப் பதிவை எனக்கு அனுப்புங்கண்ணே," என்றார் மேடம். "தங்கராசுக்கு மனசாட்சி இருந்தா ஆயுசுக்கும் உறுத்தும். மூணு தடவை சொன்னவ பேச்சை விட்டுட்டுப் பலகையை நம்பினார். ஆனா அவர் கொலைகாரர் இல்ல. நீங்களும் இல்ல."

துரைக்கண்ணு போனை என் கையிலேயே விட்டுவிட்டார், பதிவை நானே அனுப்பினேன். அவர் வெறுங்காலோடு பாறை உச்சிக்கு ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மணி பன்னிரண்டரை. செருப்பு போட்ட என் காலுக்கே பாறை கொதித்தது.

"ஒயரை மாட்டு தம்பி," என்றார் என்னிடம். மாட்டினேன். "போர்டு அண்ட யாராச்சும் இருக்காங்களா?"

"கவிதா இருக்கா," என்றேன். "தங்கராசு பொண்ணு."

அவர் கொஞ்சம் தயங்கினார். "கூப்புடு."

போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"யம்மா கவிதா. நான் ராஜாம்பா வூட்டுக்காரன் பேசறேன். போர்டு பின்னாடி சுச்சு இருக்குது. அந்தக் கறுப்புத் துணிய அவுத்துப் போட்டுட்டு சுச்ச போடு."

மறுமுனையில் துணி கிழிகிற சத்தம் கேட்டது.

"போட்டுட்டேன் மாமா. வெளக்கு வந்துடுச்சி. முப்பத்தாறு புள்ளி ஒண்ணு காட்டுது."

"அது பழசு," என்று மேடம் சொன்னார். "அன்னிக்கு நின்ன நம்பர். கொஞ்சம் பொறு."

"அண்ணே, நிழலுக்கு வாங்க," என்றேன். "காலைப் பாருங்க."

"வரேன். மொதல்ல போர்டு சொல்லட்டும்."

அவர் கால் விரல்கள் சுருண்டு சுருண்டு விரிந்தன. நகரவில்லை. கம்பெனிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது. போர்டுக்கு முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள் போலிருந்தது. போனில் நாலைந்து குரல்கள். திடீரென்று எல்லாம் ஒன்றாக அடங்கின.

"மாமா," என்றாள் கவிதா. "மாறிடுச்சி. நாப்பத்திமூணு புள்ளி ரெண்டு."

துரைக்கண்ணு தலையாட்டினார். யாரோ கேட்ட கேள்விக்கு ஆமாம் சொல்வதுபோல இரண்டு முறை ஆட்டினார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"கால் சுடுதும்மா," என்றார்.

நான் கீழே இறங்கி, விழுந்து கிடந்த அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு மறுபடி பாறைமேல் ஓடினேன்.